லாவ் காய் ஊரு எப்படிப் பொழைக்குது? வியட்நாம் - சீனா எல்லைப் பக்கம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

மலைக்கோட்டை பாத்திரக்கடை:

வணக்கம் நண்பர்களே. போன டிசம்பர்ல குடும்பத்தோட ஹனோய், அப்புறம் சாபாங்கிற மலை ஊருக்குப் போயிட்டு வந்தோம். சாபாவைப் பத்தி இங்க ஏகப்பட்ட திரி ஓடுது, நான் கேக்குறது மலைக்குக் கீழ இருக்குற லாவ் காய் ஊரைப் பத்தி. திரும்பும்போது நைட் ட்ரெயின் அங்க இருந்துதான், ட்ரெயினுக்கு நேரம் கெடந்துச்சுன்னு சாயங்காலம் ஊருக்குள்ள நடந்தோம். ஆத்தங்கரையில நின்னா எதிர்க்கரை சீனா. ஹெகோவ்னு ஊரு, மாடி மாடியா கலர் லைட்டு போட்டு நிக்குது, அங்க ஒருத்தர் பால்கனியில துணி எடுக்குறது கூட இங்க இருந்து தெரியுது. இந்தப் பக்கம் ரோடெல்லாம் அகலமா நேரா இருக்கு, ஆனா எங்க சுத்தியும் ஒரு பழைய வீடு கண்ணுல படல. ஹனோய்ல சந்துக்குச் சந்து பழைய வீட்டைப் பாத்துட்டு வந்த கண்ணுக்கு அது என்னமோ மாதிரி இருந்துச்சு.

ட்ரெயின்ல ஏறினப்புறம் போன்ல தேடிப் படிச்சேன். 1979 பிப்ரவரி 17 சீனப் படை உள்ள வந்துச்சு, ஒரு மாசத்துல திரும்பிப் போச்சு, போறப்ப பாலம், ஆஸ்பத்திரி, ஸ்கூல்னு ஒண்ணு விடாம வெடி வச்சு இடிச்சுட்டுப் போச்சுன்னு போட்டிருந்துச்சு. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே வரல, நாம நடந்த ரோடு அத்தனையும் அதுக்கப்புறம் போட்டதான்னு யோசனை.

நான் கடை வச்சிருக்கவன், எந்த ஊருக்குப் போனாலும் மார்க்கெட்டுக்குள்ள ஒரு ரவுண்டு போகாம வரமாட்டேன். கோக் லேவ் மார்க்கெட்டுக்குப் போனோம், கீழ கூட்டம் இருக்கு, மேல் மாடியில நிறைய கடை ஷட்டர் இறக்கிக் கெடக்கு. இந்த ஊரை யாரு திரும்பக் கட்டுனா, எந்தக் காசுல கட்டுனா, இப்ப சனங்க எதை நம்பி இருக்காங்க, ஊரை இடிச்ச அதே ஆளுங்களோட எப்படி உக்காந்து யாவாரம் பண்றாங்க, இதெல்லாம் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க. அடுத்த தடவை அங்கயே தங்கிப் பாக்கலாம்னு இருக்கேன்.

---

ஹனோய் மாப்பிள்ளை:

அண்ணே, நீங்க கேட்டது என் மாமியார் ஊரு. நான் ஹனோய்ல வேலை பாக்குறேன், மனைவி லாவ் காய்ல பொறந்து வளந்தவ, டெட் பண்டிகைக்கு (அவங்க புது வருஷம்) வருஷா வருஷம் அங்கதான் போவோம். கொஞ்சம் நீளமா வரும்.

மொதல்ல ஒரு விஷயம், இப்ப அங்க கடை வச்சிருக்கவங்கள்ல எக்கச்சக்கம் பேரு போருக்கு முன்னாடி அந்த ஊர்ல இருந்தவங்களே இல்ல. மாமியாருக்குச் சொந்த ஊரு நாம் தின், கடலோரச் சமவெளி, நெல்லு வெளையிற பூமி, ஆனா ஆளுக்கு ரெண்டு காணி கூட தேறாது. படை திரும்பிப் போனதோட சண்டை முடிஞ்சிடல, எண்பதுகள்ல ரொம்ப நாளைக்கு எல்லையில குண்டு விழுந்துக்கிட்டுதான் இருந்துச்சு, அதனால லாவ் காய் ஊரு பத்து வருஷத்துக்கு மேல ஆள் நடமாட்டம் கம்மியா நாணல் மண்டிப்போய்க் கெடந்துச்சு. அப்ப லாவ் காய் தனி மாகாணமே கிடையாது, பக்கத்துல இருக்குற யென் பாயோட சேத்து ஹோவாங் லியென் சோன்னு ஒரே மாகாணம், ஆபீஸ் எல்லாம் யென் பாய்ல. 1991 அக்டோபர் 1 மறுபடி தனியாப் பிரிச்சாங்க, அடுத்த மாசம் நவம்பர்ல ரெண்டு நாடும் உறவைச் சரி பண்ணிக்கிட்டாங்க, 1993ல ஹோ கியூ பாலத்து வழியா எல்லைக் கேட் திறந்துச்சு. இந்த மூணும் அடுத்தடுத்து நடந்ததுதான் ஊரோட கதை. மாமியாரு, மாமனாரு, மாமனாரோட தம்பி மூணு பேரும் அந்தச் சமயத்துலதான் மூட்டை கட்டிக்கிட்டு வந்தாங்க. மொத வீடு மூங்கில் தட்டியும் ஷீட்டும்தான்.

யாரு கட்டுனதுன்னு கேட்டீங்கல்ல. அரசாங்கம் ரோடு போட்டுச்சு, ஆபீஸ் கட்டுச்சு, மனை அளந்து குடுத்துச்சு, அதை இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா வீடும் கடையும் எழும்புனது அந்தக் கேட் வழியா வந்த காசுலதான். ஆரம்பத்துல அந்தப் பக்கத்துல இருந்து தெர்மாஸ் பிளாஸ்க், பீங்கான் கிண்ணம், போர்வை, துணி, டேபிள் ஃபேன் வரும், இங்க இருந்து காஞ்ச மீனு, முந்திரி, பழம், ரப்பர் செருப்பு போகும். மாமியாருக்கு அப்ப ஒரு வார்த்தை சீனம் தெரியாது. கால்குலேட்டர்தான் பேச்சு, அவன் ஒரு நம்பர் அடிச்சு நீட்டுவான், இவங்க அதை அழிச்சுட்டு வேற நம்பர் அடிச்சு நீட்டுவாங்க, அவன் தலையாட்டுற வரைக்கும் மாறி மாறி அடிப்பாங்க. இன்னைக்கும் அந்த மாதிரி ஒரு கால்குலேட்டர் கடை மேசையில இருக்கு, நம்பர் பட்டனெல்லாம் தேஞ்சு வழுவழுன்னு ஆயிடுச்சு, அவங்களுக்குப் பாக்காமலே விரல் போகும். இப்ப சீனம் நல்லாவே பேசுவாங்க, எழுதத்தான் வராது.

மாமனாரு சைக்கிள்ல சரக்கு தள்ளுனவரு. ஓட்டுற சைக்கிள் இல்லண்ணே, தள்ளுற சைக்கிள். ஃப்ரேமுக்கு இரும்புத் துண்டு வெல்டு பண்ணி முறுக்கியிருப்பாங்க, ஹேண்டில்பார்ல ஒரு மூங்கில் கம்பை நீட்டிக் கட்டினா பக்கவாட்டுல நடந்துக்கிட்டே திருப்பலாம், சீட்டுக்குப் பின்னாடி இன்னொரு கம்பு நட்டமா நிக்கும், ஒரு கை அதுல. மூட்டையை ரெண்டு பக்கமும் சமமாத் தொங்கவிட்டு ஆளைவிட உசரமா ஏத்திடுவாங்க, எதிர்ல வர்றவனுக்கு மூட்டைதான் தெரியும் ஆளு தெரியாது. பாலம் ஏத்தத்துல ஒருத்தரால முடியாது, பின்னாடி வீட்டுல யாராவது தள்ளணும், என் மனைவி ஸ்கூல் லீவுல அந்த வேலைதான் பாத்திருக்கா. காலையில இங்க ஏழு மணின்னா சீனாவுல எட்டு, கேட் திறக்குறதுக்கு முன்னாடியே வரிசை நிக்கும், பக்கத்துலயே பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு பொம்பளைங்க வியட்நாம் டோங்கும் சீனா யுவானும் கட்டுக்கட்டா பையில வச்சு மாத்திக் குடுப்பாங்க.

எல்லையோரத்துல பதிஞ்சிருக்கவங்களுக்கு ஒரு சலுகை உண்டு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 லட்சம் டோங் வரைக்கும் சரக்கு வாங்கிட்டு வந்தா வரி இல்ல, மாசத்துக்கு 4 தடவைதான் அந்தக் கணக்கு. நம்ம காசுக்கு ஆறாயிரத்துச் சொச்சம். சீனாக்காரன் அவன் பக்கத்து ஆளுக்கு நாளைக்கு 8,000 யுவான் வரைக்கும் விடுறான், எவ்ளோ வித்தியாசம் பாருங்க. பெரிய யாவாரி சரக்கைப் பிரிச்சு பத்து இருபது பேரு பேர்ல கொண்டு வருவான், பேரு குடுத்தவங்களுக்கு ஒரு நாள் கூலி. இந்தக் கூலியை நம்பியே பசங்களைப் படிக்க வச்ச குடும்பம் அந்தத் தெருவுல நிறைய இருக்கு, என் மனைவி வீடும் அதுல ஒண்ணு.

இப்ப நீங்க பாத்த இறங்கின ஷட்டரைப் பத்தி. எல்லாரும் கொரோனா கொரோனாம்பாங்க, சீனா 2020 ஆரம்பத்துல மூடுன ஆள் போக்குவரத்தைத் திரும்பத் திறந்தது 2023 ஜனவரி 8தான், மூணு வருஷம், அது பெரிய அடிதான். ஆனா என் கணக்குல அதுக்கு முன்னாடியே ஒரு அடி விழுந்துடுச்சு, அது எக்ஸ்பிரஸ்வே. 2014 செப்டம்பர்ல ஹனோய் - லாவ் காய் 245 கிலோமீட்டர் ரோடு திறந்துச்சு. அதுவரைக்கும் சாபா போறவங்கள்ல முக்கால்வாசிப் பேரு ராத்திரி ட்ரெயின்ல ஹனோய்ல ஏறி விடிகாலையில லாவ் காய்லதான் இறங்குவாங்க. ஸ்டேஷன் எதிர்ல ஃபோ (நூடுல்ஸ் சூப்பு) கடைங்க நாலு மணிக்கே அடுப்பு மூட்டிடும், மொகம் கழுவ, குளிக்க, பெட்டி வைக்க, சாபா வேன் ஏற எல்லாத்துக்கும் இவங்கதான். ரோடு வந்ததும் பஸ்ஸு ஹனோய்ல இருந்து நேரா மலை மேலயே போய் நிக்குது. 2016ல சாபா பக்கத்து ஃபான்சிபான் சிகரத்துக்கு கேபிள் கார் வந்து சாபாவுக்குக் கூட்டம் எகிறிடுச்சு, ஆனா அந்தக் கூட்டத்துல லாவ் காய்ல இறங்கி ஒரு டீ குடிக்கிறவன் கம்மி. என் மச்சான் ஸ்டேஷன் - சாபா வேன் ஓட்டிக்கிட்டு இருந்தான், இப்ப ஹனோய்ல ஆப் டாக்ஸி ஓட்டுறான். ஏற்கெனவே மாகாணத்துல நிறைய சனம் மலையில இருக்கு, அவங்களுக்கு ரோடு வேணும்தான், எனக்கும் புரியுது, ஆனா ரோட்டோரத்துல இருந்த பொழப்புக்கு மாத்து என்னன்னு யாரும் யோசிக்கல, அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆத்தாமை.

---

லோடு கணக்கு:

நான் ஹோ சி மின் சிட்டியில சரக்கு அனுப்பி வைக்கிற ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில இருக்கேன், பழம் தான் எங்க மெயின் சரக்கு. மாப்பிள்ளை சொன்னது பழைய பாலத்துக் கதை, லாரிப் போக்குவரத்து நடக்குறது அங்க இல்ல, கொஞ்ச தூரம் தள்ளி கிம் தான்னு இன்னொரு கேட், செந்நதி மேல பாலம். அங்க போய் நின்னா ஊரு இன்னிக்கு எதுல ஓடுதுன்னு தெரியும்.

தெக்குல வெளையிற டிராகன் ஃப்ரூட், துரியான், தர்பூசணி கன்டெய்னர்ல ஏறி நாட்டோட மொத்த நீளத்தையும் தாண்டி அங்க வருது. 2022 ஜூலையில துரியானுக்கு சீனாவோட முறைப்படி ஒப்பந்தம் கையெழுத்தானதுல இருந்து சீசன்ல லாரி வரிசை வேற லெவல். ஒரு கன்டெய்னர் நின்னா அந்த ஊர்ல எத்தனை பேருக்குக் காசு போகுதுன்னு பாருங்க, கன்டெய்னர் நிக்கிற யார்டுக்கு வாடகை, ஃப்ரீசருக்கு கரன்ட்டு, லோடு மாத்துற கூலி, பேப்பர் போடுற ஏஜென்ட், டிரைவர் சாப்பாடு, டிரைவர் தூங்க ரூம். மார்க்கெட் படுத்தாலும் அந்த யார்டு பக்கம் சாப்பாட்டுக் கடைங்க ராத்திரி ரெண்டு மணிக்கும் திறந்திருக்கும்.

ஆனா சாவி எப்பவும் அந்தப் பக்கத்துலதான். 2025 ஜனவரியில திடீர்னு துரியானுக்கு பேசிக் யெல்லோ 2 சாயம் இல்லன்னு டெஸ்ட் ரிப்போர்ட் காட்டுனாத்தான் உள்ள விடுவோம்னு சொல்லிட்டாங்க, சாயம் எவனோ ஒருத்தன் போட்டிருப்பான், நின்னது எல்லாரோட வண்டியும். பழம்ங்க, கெடு வச்ச சரக்கு, ஒவ்வொரு நாளும் தொழில்காரனுக்கு வயித்துல நெருப்பு. திரும்பி வந்த லோடை வந்த வெலைக்கு உள்ளூர்லயே தள்ளிடுவாங்க, அன்னிக்கு ஊரு பூரா துரியான் வாசம்.

எக்ஸ்பிரஸ்வே விஷயத்துல மாப்பிள்ளையோட எனக்கு ஒப்புதல் இல்ல. அந்த ரோடு இல்லன்னா இவ்ளோ கன்டெய்னர் லாவ் காய் பக்கமே வந்திருக்காது, எல்லாம் இன்னொரு எல்லை மாகாணம் லாங் சோன் வழியாத்தான் போயிருக்கும். ஸ்டேஷன் எதிர்ல நாப்பது ஃபோ கடை போச்சுன்னா யார்டுல நூறு வேலை வந்துச்சுன்னு வைங்க, ஆளு வேற, அது உண்மை, ஃபோ கடை அக்காவுக்கு யார்டுல வேலை கிடைக்காது.

எனக்குப் பயம் அடுத்து வரப்போற ரயிலு. பழைய லைன் பிரெஞ்சுக்காரன் போட்ட மீட்டர் கேஜ், அதாவது தண்டவாள அகலம் ஒரு மீட்டர், ஹாய் ஃபோங் துறைமுகத்துல இருந்து 1906ல லாவ் காய் வந்து 1910ல சீனாவுல யுன்னான் மாகாணத் தலைநகர் குன்மிங் வரைக்கும் போய்ச் சேந்துச்சு. 1979ல அறுந்தது, 1996லதான் திரும்ப ஓடுச்சு. சீனா 2014 டிசம்பர்ல அவன் பக்கம் அதைவிட அகலமான ஸ்டாண்டர்டு கேஜ் போட்டு ஹெகோவ் வரைக்கும் கொண்டாந்துட்டான், இந்தப் பக்கம் இன்னும் மீட்டர் கேஜ், அதனால சரக்கு எல்லையில இறக்கி ஏத்தணும். அந்த இறக்கி ஏத்துறதுதான் ஊருக்குச் சோறு. 2025 பிப்ரவரியில வியட்நாம் நாடாளுமன்றம் லாவ் காய் - ஹனோய் - ஹாய் ஃபோங் புது ஸ்டாண்டர்டு கேஜ் லைனுக்கு ஒப்புதல் குடுத்துருச்சு. அது ஓட ஆரம்பிச்சா யுன்னான் பெட்டி எங்கயும் இறங்காம நேரா கப்பலுக்குப் போயிடும். நாட்டுக்கு நல்லதுதான். ஊரு அதுக்குள்ள ஒரு பெரிய யார்டு, குளிர் கிடங்கு, பழம் பேக்கிங் மாதிரி ஏதாவது தனக்குன்னு பிடிச்சுக்கணும், இல்லன்னா ட்ரெயினைக் கையாட்டி அனுப்பிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

---

கோவில்பட்டி மருந்து:

நீங்க எல்லாரும் கேட்டைப் பத்தியே பேசுறீங்க, மண்ணுக்கு அடியில இருக்கறதை விட்டுட்டீங்களே. லாவ் காய்க்குப் பக்கத்துல காம் டுவோங், அங்கதான் வியட்நாமோட அபடைட் சுரங்கம், பாஸ்பேட் உரத்துக்கு மூலப்பொருள். லாம் தாவ்ல இருக்குற சூப்பர் பாஸ்பேட் ஆலைக்கு இங்க இருந்து ரயில்ல போகும், வடக்கு வியட்நாம் நெல்லு வயலுக்குச் சத்து அதுல இருந்துதான். 1979ல அந்தச் சுரங்கத்து மெஷினையும் சேத்துதான் ஒடச்சுப் போட்டாங்க. ஊரை இடிச்சா ஊரு சாகும், இதை ஒடச்சா நாட்டுச் சாப்பாடே போகும்ல. அதையும் திரும்ப எழுப்பித்தான் வந்திருக்காங்க, இதை யாரும் ஒரு வரி எழுத மாட்டேங்குறாங்க.

நான் கெமிக்கல் வாங்கி விக்கிற தொழில்ல இருக்கேன், அதான் இந்த ஊரு பேரு எனக்குப் பழக்கம். டாங் லோங்னு ஒரு தொழிற்பேட்டை அதே மாகாணத்துல, அந்த அபடைட்டைக் கரன்ட்டு உலையில போட்டு மஞ்சள் பாஸ்பரஸ் எடுக்குறாங்க, இந்தியா அதை வாங்குது. காத்து பட்டாலே தீப்பிடிக்கிற சரக்கு, தண்ணிக்கு அடியில முக்கித்தான் டிரம்ல வரும். அதைப் பதப்படுத்தினா சிவப்பு பாஸ்பரஸ், தீப்பெட்டி பக்கத்துல உரசுற பட்டையில இருக்கறது அதுதான். நம்ம பக்கம் தீப்பெட்டித் தொழிலுக்கு அந்த உலை கரன்ட்டோட சம்பந்தம் உண்டு. 2023 மே, ஜூன்ல வடக்கு வியட்நாம்ல அணையில தண்ணி இல்லாம கரன்ட்டு கட்டு வந்தப்ப இங்க எனக்கு விலை கேட்டு போன் மேல போன்.

உலை வேலைல சம்பளம் ஒழுங்கா மாசத்துக்கு மாசம் வரும், கேட் திறந்தாலும் மூடினாலும். ஆனா புகை, தண்ணி கெட்டுப்போச்சுன்னு சுத்துப்பட்டு ஊர்க்காரங்க புகார் பல வருஷமா இருக்கு, குடும்பங்களை வேற இடத்துக்கு மாத்தவும் செஞ்சிருக்காங்க. போருக்கு அப்புறம் எழுந்த ஊருன்னா அதுல இந்த விலையும் சேத்திதான்.

---

குன்மிங்ல படிச்சவன்:

நான் எம்பிபிஎஸ் குன்மிங்ல. லீவுல ஹெகோவ் வரைக்கும் பஸ்ல வந்திருக்கேன், அதனால எதிர்க்கரையில இருந்து பாத்ததைச் சொல்றேன். பாத்திரக்கடை அண்ணன் அந்த மாடியும் லைட்டும் பாத்து அவங்க ரொம்பச் செழிப்பா இருக்காங்கன்னு நெனைச்சிருப்பீங்க. ஹெகோவ் சின்ன ஊருதான், அதுவும் கேட்டை நம்பித்தான் இருக்கு. வியட்நாம் காப்பித்தூள், முந்திரி, ரப்பர் செருப்பு, மரச்சாமான் விக்கிற தெருவே உண்டு, கடையில நிக்கிறது முக்கால்வாசி இந்தப் பக்கத்துப் பொம்பளைங்க. கேட் மூடியிருந்த மூணு வருஷம் அந்தத் தெருவும்தான் காலியாக் கெடந்துச்சு.

அங்கயும் படை வீரங்க கல்லறை இருக்கு, ஏப்ரல்ல முன்னோர் நாள் வந்தா தூரத்து மாகாணத்துல இருந்து வயசான அப்பா அம்மா வந்து உக்காந்து அழுவாங்க.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லணும். 1978ல போருக்கு முன்னாடியே வியட்நாம்ல இருந்த சீன வம்சாவளிக் குடும்பங்க லட்சத்துக்கு மேல எல்லை தாண்டி வந்துட்டாங்க, வந்தாங்கன்னு சொல்றதை விட அங்க இருக்க விடாம கிளப்பி விட்டாங்கன்னு சொல்லணும். லாவ் காய்ல கடை வச்சிருந்தவங்க அதுல நிறைய. யுன்னான்ல அரசுப் பண்ணைகள்ல குடி வச்சாங்க, வாழையும் ரப்பரும் வெட்டிப் பொழைச்சாங்க. 1990கள்ல கேட் திறந்தப்ப ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஆளுங்க இவங்கதான், தரகு, மொழிபெயர்ப்பு எல்லாம் இவங்க கையில. ஹெகோவ்ல நான் சாப்பிட்ட ஒரு கடை பாட்டி அப்படி வந்தவங்க, லாவ் காய்ல பொறந்தவங்க, ஆத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி எங்க வீடு அந்த வளைவுலதான் இருந்துச்சும்பாங்க. அந்த வீடும் இப்ப இல்ல, அந்த மனையில வேற ஊருல இருந்து வந்தவங்க கடை. அவங்க மேலயும் தப்பு இல்ல. இவங்களுக்கும் யாரும் ஒரு ரூபா ஈடு குடுக்கல.

---

மலைக்கோட்டை பாத்திரக்கடை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ விவரம் கிடைக்கும்னு எதிர்பாக்கவே இல்ல. கோவில்பட்டி அண்ணே, நம்ம வீட்டு தீப்பெட்டிக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு இருக்கும்னு கனவுலயும் நெனைக்கல.

மாப்பிள்ளைத் தம்பி, ரெண்டு கேள்வி பாக்கி. போரைப் பத்தி அங்க பேசலாமா, கேட்டா சங்கடப்படுவாங்களா? மார்க்கெட்ல ஒரு அம்மாகிட்ட போன்ல மொழிபெயர்த்து பழைய ஊரைப் பத்திக் கேட்டேன், சிரிச்சுட்டு சரக்கு வெலையைச் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் மாகாணத்தை மறுபடி யென் பாயோட சேத்துட்டாங்கன்னு எங்கயோ கண்ணுல பட்டுச்சு, நெஜமா? தங்குறதுக்கு எந்தப் பக்கம் நல்லா இருக்கும்?

---

ஹனோய் மாப்பிள்ளை:

லோடு கணக்கு சார் எக்ஸ்பிரஸ்வே பத்திச் சொன்னதுல கடைசி வரியோட முழுசா ஒத்துப் போறேன், ஃபோ கடை அக்காவுக்கு யார்டுல வேலை இல்ல. என் ஆத்தாமையே அதுதான் சார். ரோடு வேண்டாம்னு நான் சொல்லல, மாமனாருக்கு நெஞ்சு வலி வந்தப்ப அந்த ரோட்லதான் ஹனோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஒரு வேலை போய் இன்னொரு வேலை வருதுன்னு கணக்குல எழுதுறப்ப போனது யாருக்கு, வந்தது யாருக்குன்னு சேத்து எழுதணும்.

அண்ணே, மாகாணம் சேந்தது நெஜம்தான். 2025 ஜூலை 1ல இருந்து ரெண்டும் ஒண்ணு, பேரு லாவ் காய்னே வச்சிருக்காங்க, ஆனா நிர்வாகத் தலைநகரு யென் பாய். நாடு முழுக்க மாவட்டம், மாநகரம்ங்கிற நடு அடுக்கையே எடுத்துட்டாங்க, லாவ் காய் சிட்டின்னு ஒண்ணு இப்ப கிடையாது, வார்டுதான். 1991ல யென் பாய்ல இருந்து ஆபீஸ் எல்லாம் இங்க வந்ததுலதான் ஊருக்கு மாசச் சம்பளக்காரங்க வந்தாங்க, ரூம் வாடகை, மத்தியானச் சாப்பாடு, ட்யூஷன்னு ஒரு பொழப்பு உண்டாச்சு. இப்ப அந்தச் சம்பளக்காரங்க மறுபடி 150 கிலோமீட்டர் தெக்க போயிட்டாங்க. மாமியார் மாடியில ரெண்டு ரூம் வாடகைக்கு விட்டிருந்தாங்க, ரெண்டுலயும் ஆபீஸ் பசங்க, ரெண்டும் காலி. போனவங்க வாரக் கடைசியில குடும்பத்தைப் பாக்க வந்துட்டுப் போறாங்க, குடும்பத்தையும் கூட்டிக்கிட்டுப் போனா ஸ்கூல்ல பிள்ளைங்க குறையும், அதுக்குத்தான் தெருவுல பயப்படுறாங்க. எனக்கு இதுல கோவம் இருக்கு, செலவு குறைக்கணும்னா குறைக்கட்டும், எல்லையில ஒரு ஊரை ரெண்டு தலைமுறை பாடுபட்டு நிமித்தின சனங்களுக்கு அந்த மாத்தத்துக்குத் தயாராக கொஞ்சம் காலம் குடுத்திருக்கலாம்.

போரைப் பத்தி. அந்தம்மா சிரிச்சதைத் தப்பா எடுத்துக்காதீங்க. உறவு சரியானப்புறம் ரொம்ப வருஷத்துக்கு அதைப் பத்திப் பேப்பர்ல கூட பெருசா வராது, பாடப் புத்தகத்துல சில வரிதான். 2019ல நாப்பதாவது வருஷத்துக்குத்தான் கொஞ்சம் வெளிப்படையா எழுதினாங்க. அதனால தெரியாத ஆளுகிட்ட, அதுவும் வெளிநாட்டுக்காரர்கிட்ட, கடையில நின்னு பேச மாட்டாங்க. பக்கத்துக் கடையில சீனா வாடிக்கையாளர் நிப்பாரு, அவருக்கும் அதுல ஒரு பங்கும் இல்லன்னு இவங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்குள்ள வேற. மாமியார் தெருவுல ஒரு பெரியவர், காம் டுவோங்காரரு, போருக்கு முன்னாடி இருந்த சொற்பம் பேர்ல ஒருத்தர். அவரு தம்பி சுரங்கத்து ஊழியர், அந்த பிப்ரவரியில போயிட்டாரு. வருஷா வருஷம் திதிக்குத் தெருவுல எல்லாருக்கும் சாப்பாடு உண்டு. அவங்க திதியைச் சந்திர நாள் கணக்குலதான் குடுப்பாங்க, டெட் முடிஞ்சு மூணு நாலு வாரத்துல வந்துடும். அன்னிக்கு அந்தத் தெருவுல மூணு நாலு வீட்டுல ஒரே நாள் திதி. ரெண்டாவது கிளாஸ் அரிசிச் சாராயத்துக்கு அப்புறம் பெரியவரே பேசுவாரு, எந்த மேட்டுல ஏறிப் படுத்தாங்க, எந்தக் கெணத்துத் தண்ணி குடிச்சாங்கன்னு இடம் இடமாச் சொல்லுவாரு. அவரு மகன் ஏழு நாளும் ஹெகோவ்காரனோட மூலிகைச் சரக்கு யாவாரம் பண்றான், அப்பா அதுக்கு ஒரு நாளும் குறுக்க நின்னதில்ல. சரக்குப் பணத்தை அவரே எண்ணிக் குடுக்குறதையும் பாத்திருக்கேன்.

அவங்க முதல் மாசம் பௌர்ணமிக்கு எல்லைக்குப் பக்கத்துக் குன்னுல டென் துவாங் கோயில் திருவிழா. 13ஆம் நூற்றாண்டுல மங்கோலியப் படையை அடிச்சு விரட்டின திரான் ஹுங் டாவுக்குக் கட்டுன கோயிலு. அங்க போனா ஹெகோவ் யாவாரிங்களும் வந்து ஊதுபத்தி கொளுத்தி வியாபாரம் நல்லா நடக்கணும்னு கும்பிடுவாங்க. நீங்க வர்றதா இருந்தா அந்த நேரம் வாங்க, எந்தக் கேள்வியும் கேக்காமலே நிறைய தெரியும்.

தங்குறதுக்கு கோக் லேவ் பக்கம் நல்லது, மார்க்கெட்டும் ஆத்தங்கரையும் நடந்து போற தூரம். காலையில ஏழுக்கு முன்னாடி ஹோ கியூ பாலத்துக்கிட்ட போயிடுங்க. நாம் தி ஆறும் செந்நதியும் சேர்ற இடம் பக்கத்துலதான், மழை இல்லாத மாசத்துல ஒண்ணு தெளிவாவும் ஒண்ணு செம்மண் கலராவும் கலக்காம ஓடுறது தெரியும். அந்தப் பக்கம் போகணும்னா நமக்கு சீனா விசா தனியா வேணும், முக்கியமா உங்க வியட்நாம் ஈ-விசா மல்டிப்பிள் என்ட்ரியான்னு பாத்துக்கங்க, சிங்கிள் என்ட்ரியில பாலம் தாண்டிட்டா அதோட அந்த விசா முடிஞ்சுது, திரும்ப உள்ள வரப் புதுசா எடுக்கணும். சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம், ஸ்டேஷன் எதிர்ல இன்னும் மூணு நாலு ஃபோ கடை ஓடுது, சைவம் வேணும்னா "சாய்"னு சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க. மார்க்கெட்ல கீழ்தளத்துல மாமியார் போர்வைக் கடை வச்சிருக்காங்க, வர்ற தேதி முடிவானதும் எனக்குத் தனிச் செய்தி போடுங்க, அவங்ககிட்ட சொல்லி வைக்கிறேன்.